இருட்டறைக்கு முதல்ல வேண்டியது இருட்டு இல்லை

வீட்டுல டார்க் ரூம் போடப் போறேன்னு யாராவது ஆரம்பிச்சா, அடுத்த கேள்வி எப்பவும் ஒண்ணுதான். "வெளிச்சம் வராம எப்படி அடைக்கிறது?" ஜன்னலுக்குக் கறுப்பு சார்ட் போதுமா, கதவு இடுக்குக்கு ஸ்பாஞ்சா ரப்பரா, செவுத்துக்குக் கறுப்பு பெயிண்ட் அடிக்கணுமா... நானும் இப்படித்தான் ஆரம்பிச்சேன்.

இப்போ என் கருத்து வேற. அது ரெண்டாவதா கேக்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, "காத்து எந்த வழியா உள்ள வந்து எந்த வழியா வெளிய போகும்?" இதை நான் புத்தகம் படிச்சுத் தெரிஞ்சுக்கலைங்க. 2022 மே மாசம் ஒரு ராத்திரி 11.30 மணிக்கு அம்மாவை ஆட்டோல தூக்கிட்டுப் போய், நெபுலைசர் மாஸ்க்கோட உக்காந்திருந்த அவங்க பக்கத்துல நின்னப்போ தெரிஞ்சுக்கிட்டேன்.

கொஞ்சம் முன்கதை. அப்பாகிட்ட ஒரு அக்ஃபா கிளிக் III இருந்தது. 120 ரோல் போடுற பெட்டி கேமரா. ஒரு ரோலுக்கு 12 படம், 6 செ.மீ.க்கு 6 செ.மீ. சதுர நெகட்டிவ். அந்தக் காலத்துல நெகட்டிவ் என்ன சைஸோ அதே சைஸ்ல பிரிண்ட் போட்டு வாங்கிக்கிறதுதான் வழக்கம். பெருசாக்க தனிக் காசு. அப்பாவுக்கு அந்தக் காசு கடைசி வரைக்கும் சேரவே இல்லை. அவர் போனப்புறம் டிரங்குப் பெட்டியில பட்டர் பேப்பர் கவர்ல கட்டுக்கட்டா நெகட்டிவ் கிடைச்சது. ஒண்ணுல அம்மா கிணத்தடியில ஈரத் தலையோட, கேமராவைப் பாக்காம சிரிச்சிட்டு நிக்கறாங்க. இதைப் பெருசாக்கி அவங்க கையில கொடுக்கணும்னுதான் எல்லாமே ஆரம்பிச்சது.

"ஸ்கேன் பண்ணி பிரிண்ட் எடுத்தா ஆச்சே"ன்னு தங்கமணி கேட்டது நியாயமான கேள்விதான். ஸ்கேனும் பண்ணினேன். நல்லாவே இருந்தது. ஆனா அப்பா செய்ய நினைச்சு முடியாமப் போன வேலையை அதே வழியில நாம செஞ்சு பாக்கணும்னு ஒரு ஆசை. அதுக்கு மேல ஒரு காரணமும் இல்லை. இதைப் புரிய வைக்கவும் முடியாது, புரிய வைக்கணும்னு அவசியமும் இல்லை :-)

மூடப்போற ஒரு ஸ்டுடியோவுல பழைய என்லார்ஜர் கிடைச்சது. (இங்க ஒரு உபரித் தகவல்: கூட வந்தது 50 எம்.எம். லென்ஸ். அது 35 எம்.எம். ஃபிலிமுக்குத்தான் சரி. 6x6 நெகட்டிவுக்கு 75 இல்ல 80 எம்.எம். லென்ஸ் வேணும், இல்லேன்னா நாலு மூலையும் இருட்டடிக்கும். வாங்கும்போதே கேட்டு வாங்கிடுங்க. எனக்கு அந்த லென்ஸ் தேடவே ஆறு மாசம் போச்சு.)

இப்போ ரூம். எங்க ஃப்ளாட்டுல ரெண்டு பாத்ரூம். அம்மா ரூமோட ஒட்டினது பெருசு, யாரும் அதிகமா புழங்காதது. சரி, இதுதான் டார்க் ரூம்னு முடிவு பண்ணிட்டேன். ஜன்னலுக்கு ப்ளைவுட், அதைச் சுத்தி கறுப்பு டேப். கதவைச் சுத்தி ஸ்பாஞ்ச் பட்டை. கதவுக்கு அடியில ஈர டவல். உள்ள போய் லைட்டை அணைச்சா கண்ணுக்கு முன்னாடி வச்ச கை தெரியாது. அவ்வளவு பெருமை எனக்கு! ஒரு ஊசி முனை வெளிச்சம் இல்லை. ஒரு ஊசி முனை காத்தும் இல்லைங்கறது மண்டையில ஏறவே இல்லை.

மே மாசம், உள்ள 34 டிகிரி. மூணு ட்ரே. டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர். ரெண்டரை மணி நேரம் உள்ள இருந்தேன். தலைவலி, தொண்டையில கரகரப்பு. புழுக்கம்னு நெனச்சேன். வேலை முடிஞ்சு கதவைத் திறந்ததும் உள்ள அடைஞ்சிருந்த மொத்தமும் அம்மா ரூமுக்குள்ள போச்சு. அவங்களுக்கு வருஷக்கணக்கா வீசிங் உண்டு. தூக்கத்துலேர்ந்து எழுந்து உக்காந்து, "டேய், மூச்சு வரலடா"ன்னாங்க. அப்புறம்தான் அந்த ஆட்டோ.

டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல ஏதாவது பெயிண்ட், ஆசிட் யூஸ் பண்ணீங்களா?" நான் தலையைக் குனிஞ்சிட்டு "ஃபோட்டோ கெமிக்கல்"னு சொன்னேன். யாருக்காக அந்த ரூம் கட்டினேனோ, அவங்களையே கொண்டு வந்து படுக்க வச்சிருந்தேன்.

என்ன நடந்ததுன்னு அப்புறம் உக்காந்து படிச்சேன். ஹைப்போன்னு நாம சொல்றது சோடியம் தயோசல்ஃபேட். அது வெள்ளி உப்பைக் கரைக்கும்னு ஜான் ஹெர்ஷல் 1819லயே கண்டுபிடிச்சார், 1839ல புகைப்படத்துக்குப் பயன்பட ஆரம்பிச்சது. இன்னிக்கு வரைக்கும் ஃபிக்ஸர்னா அடிப்படை அந்த தயோசல்ஃபேட்தான். வெறும் ஹைப்போ அவ்வளவா தொந்தரவு பண்ணாது. ஆனா கடையில கிடைக்கிற பெரும்பாலான ஃபிக்ஸர் ஆசிட் ஃபிக்ஸர். அதுல மெட்டாபைசல்ஃபைட் மாதிரி ஒரு உப்பு சேத்திருப்பாங்க. ஸ்குவாஷ் கெடாம இருக்கப் போடுவாங்களே, அதே வகைதான். அதுலேர்ந்து சல்ஃபர் டையாக்ஸைடு வாயு வரும். தீக்குச்சி கிழிச்சதும் மூக்குல ஏறுற அந்த நெடி. ஸ்டாப் பாத்துல இருக்கிற அசிட்டிக் ஆசிட் பேப்பரோட ஒட்டிக்கிட்டு ஃபிக்ஸர்ல போய்ச் சேரச் சேர நெடி கூடும். தண்ணி சூடா இருந்தா இன்னும் கூடும். நல்லா இருக்கிறவங்க பெருசா கவனிக்காத அளவே ஆஸ்துமா இருக்கிறவங்களோட மூச்சுக்குழாயைச் சுருக்கிடும்.

இதெல்லாம் புத்தகத்துல இல்லையான்னா, இருக்கு. கோடக்கோட பழைய வழிகாட்டிகள்லயே, ரூம்ல இருக்கிற மொத்தக் காத்தும் மணிக்குக் குறைஞ்சது 10 தடவை மாறணும்னு போட்டிருக்கு. நான்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டிட்டுப் போயிட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். அந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் குளிர் தேசத்து பேஸ்மென்டை மனசுல வச்சு எழுதினது. "கெமிக்கலை எப்படி சூடு பண்றது"ன்னு ஒரு அத்தியாயமே இருக்கும். "பாத் டப் மேல பலகையைப் போட்டு ட்ரேயை வைங்க"ம்பாங்க. நம்ம வீட்டுல பாத் டப்பா இருக்கு? பக்கெட்டும் மக்கும்தான். நமக்கு வேண்டியது ஐஸ் கட்டி. நம்ம ஊருக்கு நாமதான் யோசிக்கணும்.

இருட்டு விஷயத்துக்கு வர்றேன். முழு இருட்டு எப்போ வேணும்? ஃபிலிமைச் சுருள்ல சுத்தி டாங்க்குக்குள்ள போடுற அஞ்சு நிமிஷத்துக்கு மட்டும்தான். ஃபிலிம் எல்லா நிறத்தையும் பாக்கும், அதனால சிவப்பு லைட்டு கூடக் கூடாது. அந்த அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு சேஞ்சிங் பேக் போதும், ரூமே வேண்டாம். டாங்க் மூடியைப் போட்டாச்சுன்னா மிச்ச வேலையை சமையல் வேலை மாதிரி வெளிச்சத்துலயே பண்ணலாம். (சமையல்கட்டுல பண்ணாதீங்க. சாப்பாட்டுப் பாத்திரமும் இதுவும் ஒரு இடத்துல புழங்கக் கூடாது.)

மணிக்கணக்கா உள்ள இருக்கிறது பிரிண்ட் போடத்தான். சாதாரண பிளாக் அண்ட் ஒயிட் பேப்பருக்கு நீலமும் பச்சையும்தான் பகை, சிவப்பு வெளிச்சம் ஒண்ணும் பண்ணாது. அதனால ராத்திரி எட்டு மணிக்கு மேல வேலை செஞ்சா இருட்டுப் பிரச்சினை பாதி தீர்ந்துடும். மிச்சத்துக்கு ஒரு கறுப்புத் துணி. கணக்கு இதுதான் மக்கா: முழு இருட்டு வேண்டியது அஞ்சு நிமிஷம், காத்து வேண்டியது அஞ்சு மணி நேரம். நாமளோ காசையும் கவலையையும் அப்படியே தலைகீழா செலவு பண்றோம்.

கறுப்பு பெயிண்டும் அப்படித்தான். செவுறு முழுக்கக் கறுப்பு அடிக்கவே வேண்டாம். சேஃப் லைட் நிஜமாவே சேஃப்னா அது வெள்ளைச் செவுத்துல பட்டுத் திரும்பி வந்தாலும் சேஃப்தான், வேலை செய்ய வெளிச்சமும் நல்லா இருக்கும். என்லார்ஜருக்குப் பின்னாடி இருக்கிற செவுத்துக்கு மட்டும் கறுப்பு போதும், ஏன்னா அங்கேர்ந்து கசியறது வெள்ளை வெளிச்சம். சேஃப் லைட் சேஃபான்னு பாக்க ஒரு வழி இருக்கு. ஒரு துண்டு பேப்பரை என்லார்ஜர்ல லேசா, இளஞ்சாம்பல் வர்ற அளவுக்கு எக்ஸ்போஸ் பண்ணுங்க. அது மேல ஒரு ரூபாய் காசை வச்சு, சேஃப் லைட்டுல ஏழெட்டு நிமிஷம் விட்டு அப்புறம் டெவலப் பண்ணுங்க. காசோட வட்டம் தெரிஞ்சா லைட் சரியில்லை. கடையில கிடைக்கிற சிவப்பு ஜீரோ வாட் பல்பை நம்பி நான் ஒரு பாக்கெட் பேப்பரைப் பாழாக்கினேன். ஊட்டியில 1960ல அரசு தொடங்கின ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து'ங்கற பேர்ல பேப்பரும் ஃபிலிமும் போட்டுட்டு இருந்தது. அதை மூடியாச்சு. இப்போ இறக்குமதிப் பேப்பர்தான். ஒவ்வொரு தாளும் காசு.

அம்மா சரியாகி வந்தப்புறம் ரெண்டு மாசம் அந்தப் பக்கமே போகலை. அப்புறம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி அதே பாத்ரூம் ஜன்னல்ல மாட்டினேன். பிரச்சினை தீர்ந்ததுன்னு நினைச்சேன். ஒரு வாரத்துல மேல் வீட்டு மாமி வந்து நிக்கறாங்க. "என்னப்பா, உங்காத்துல என்ன எரிக்கறேள்? எங்க பாத்ரூம் பூரா நெடி." அந்த ஜன்னல் திறக்கறது அபார்ட்மென்ட்டுக்கு நடுவுல இருக்கிற டக்ட்டுல. எல்லா வீட்டு பாத்ரூம் ஜன்னலும் அதுலதான் திறக்குது. எங்கம்மாவைக் காப்பாத்தறேன்னு அடுத்தவங்க அம்மாவுக்கு அனுப்பிட்டு இருந்தேன். மாமிகிட்ட மன்னிப்பு கேட்டேன். அன்னிக்கே ஃபேனைக் கழட்டினேன்.

அப்புறம்தான் முதல்லேர்ந்து யோசிச்சேன். ரூமைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அளவை வச்சோ குழாயை வச்சோ இல்லை, ஜன்னல் எங்க திறக்குதுன்னு பாத்துத்தான். ஹால் பக்கத்து பாத்ரூம் சின்னது. ஆனா அதோட ஜன்னல் வெளிப்பக்கம், காலி மனையைப் பாத்து இருக்கு. அங்க மாத்தினேன். 7 அடி, 5 அடி, 9 அடி உயரம். 315 கன அடி. மணிக்கு 10 தடவைன்னா 3,150 கன அடி, அதாவது நிமிஷத்துக்கு 53 கன அடி. சாதாரண 6 இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேனோட பெட்டியில இதைவிட ரெண்டு மூணு மடங்கு போட்டிருக்கும். ஆனா அது தடையே இல்லாம ஓடுற கணக்கு. வெளிச்சம் வராம இருக்க வளைவு போட்டா வேகம் நல்லாவே குறையும். அதனால மிச்சம் வச்சுத்தான் வாங்கணும்.

வளைவுன்னா பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. ஃபேனுக்கு வெளிய ஒரு ப்ளைவுட் பெட்டி. காத்து ரெண்டு தடவை திரும்பிப் போற மாதிரி உள்ள ரெண்டு தடுப்பு. உட்புறம் பளபளப்பில்லாத கறுப்பு. வெளிச்சம் நேராத்தான் போகும், காத்து வளைஞ்சு போயிடும். அவ்வளவுதான் தத்துவம். இதே மாதிரி ஒண்ணு கதவோட கீழ்ப்பக்கம், காத்து உள்ள வர. உள்ள வர்ற வழி இல்லாம ஃபேன் மட்டும் போட்டா அது சத்தம் போடுமே தவிர இழுக்காது.

ஃபேனை எங்க வைக்கிறதுங்கறது முக்கியம். நாம பழக்கத்துல மேல, கூரை பக்கத்துல வைப்போம். அப்படி வச்சா ட்ரேயிலேர்ந்து கிளம்புற நெடி நம்ம மூஞ்சியைத் தாண்டித்தான் மேல போகும். ட்ரேக்களுக்குப் பின்னாடி, அதுங்களோட மட்டத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கணும். சரியா இழுக்குதான்னு பாக்க ஒரு ஊதுபத்தி போதும். ஃபிக்ஸர் ட்ரே ஓரத்துல பிடிச்சா புகை உங்க பக்கம் வராம ஃபேன் பக்கம் போகணும். சாமி ரூம்லேர்ந்து நான் ஊதுபத்தி எடுத்துட்டு பாத்ரூமுக்குப் போறதைப் பாத்து தங்கமணி ஒண்ணும் சொல்லலை. பார்வையே போதும்.

சில புத்தகத்துல, காத்தை வெளிய இழுக்காதீங்க, ஃபில்டர் வச்சு உள்ள தள்ளுங்க, அப்பதான் தூசி வராதுன்னு இருக்கும். தனி ரூம் வச்சிருக்கிறவங்களுக்கு அது சரி. ஃப்ளாட்டுல உள்ள தள்ளினா நெடி கதவிடுக்கு வழியா ஹாலுக்குத்தான் வரும். நெகட்டிவ் மேல தூசி விழுந்தா பிரஷ்ஷால தட்டிக்கலாம்.

கெமிக்கல்லயும் ரெண்டு மாத்தம். அசிட்டிக் ஆசிட் ஸ்டாப் பாத்துக்குப் பதிலா சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில எலுமிச்சை உப்புன்னு கேட்டா கொடுப்பாங்க. லிட்டருக்கு 15 கிராம், நெடியே இல்லை. ஃபிக்ஸர் ட்ரேக்கு மூடி. வேலை முடிஞ்சதும் உடனே பாட்டில்ல ஊத்திட்டு, ஃபேனை இன்னும் அரை மணி நேரம் ஓட விட்டுத்தான் கதவைத் திறக்கிறேன். பயன்படுத்தின ஃபிக்ஸர்ல வெள்ளி இருக்கு, அதைக் குழியில ஊத்தறதில்லை. ஒரு கேன்ல சேத்து வச்சு, வெள்ளி பிரிச்செடுக்கறவங்ககிட்ட கொடுக்கறேன்.

சூட்டுக்கு? டெவலப்பிங் நேரமெல்லாம் 20 டிகிரிக்குத்தான் போட்டிருக்கும். 20 டிகிரியில 10 நிமிஷம்னா 24 டிகிரியில ஏறக்குறைய 7 நிமிஷம். 30 டிகிரின்னா நாலு நிமிஷத்துக்குப் பக்கமா வந்துடும், அவ்வளவு குறைஞ்சா திட்டுத்திட்டா வரும். அதனால ஃபிலிம் கழுவறதை ஐஸ் போட்ட பக்கெட்டுல 24க்குக் கொண்டு வந்து பண்றேன். மே மாசம் முழுக்க லீவு. மார்கழி, தையில நிறைய வேலை. அந்த மாசங்கள்ல நெடியும் கம்மி. தண்ணிக்கு இன்னொரு வழி: ஃபிலிமைக் குழாயடியில அரை மணி நேரம் காட்டத் தேவையில்லை. இல்ஃபோர்டு சொன்ன முறை இருக்கு. டாங்க்குல தண்ணி நிரப்பி 5 தடவை கவிழ்த்து ஊத்து, மறுபடி நிரப்பி 10 தடவை, மறுபடி 20 தடவை. மூணு டாங்க் தண்ணியோட முடிஞ்சது. 2019ல சென்னை குடமும் கையுமா லாரிக்கு நின்னதைப் பாத்தவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

கடைசியா கரன்ட். ஈரக் கையோட என்லார்ஜர் சுவிட்சைத் தொடுற ரூம் இது. 30 மில்லி ஆம்பியர்ல ட்ரிப் ஆகற ஆர்.சி.சி.பி. இல்லாம பாத்ரூம்ல என்லார்ஜரை வைக்கவே வைக்காதீங்க. ஈரப் பக்கம் ஒண்ணு, காஞ்ச பக்கம் ஒண்ணு, நடுவுல கை துடைக்க ஒரு துண்டு.

எனக்கு என்லார்ஜர் கொடுத்த ஸ்டுடியோ அண்ணன்கிட்ட இதெல்லாம் சொன்னேன். சிரிச்சார். "தம்பி, முப்பது வருஷம் ஃபேனே இல்லாத ரூம்ல கழுவினேன். எனக்கு என்ன ஆச்சு?" சொல்லிட்டு ரெண்டு தடவை இருமினார். அவர் நகமெல்லாம் பழுப்பு. இருமல் பீடியாலயா ஃபிக்ஸராலயான்னு நான் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு கேக்கத் தோணுச்சு. ஊருக்கு ஊர் அந்த மாதிரி ரூம்ல உக்காந்து நம்ம கல்யாண ஆல்பத்தையெல்லாம் கழுவிக் கொடுத்தவங்களோட நெஞ்சை யார் கணக்கெடுத்தா? ஒண்ணும் ஆகலைன்னு சொல்ல, தப்பிச்சவங்கதான் இருக்காங்க. அவர் பொழைப்புக்கு இருந்தார், வேற வழி இல்லை. நாம ஆசைக்கு இருக்கோம். ஆசைக்குச் செய்யற வேலையில வீட்டுல இன்னொருத்தர் மூச்சு திணறக் கூடாது. அதுக்குக் காசு இல்லேன்னா டார்க் ரூமே வேண்டாம். ஃபேன், ப்ளைவுட், பெயிண்ட் எல்லாம் சேர்த்து எனக்கு 4,000 ரூபாய்க்குள்ளதான் ஆச்சு. லென்ஸுக்கு அதைவிட அதிகம் கொடுத்தேன்.

கிணத்தடிப் படத்தை 2023 ஜனவரியில போட்டேன். 10க்கு 10 இன்ச். காய வச்சு அம்மா கையில கொடுத்தேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. "இந்தப் புடவை மாம்பழக் கலருடா"ன்னாங்க. அப்புறம் படத்தை மூக்குக்குப் பக்கத்துல கொண்டு போய் மோந்து பாத்துட்டு, "நெடி இல்லையே"ன்னாங்க.

அதனால யாராவது டார்க் ரூம் ஆரம்பிக்கறதா இருந்தா, கறுப்பு பெயிண்ட் வாங்கறதுக்கு முன்னாடி ஜன்னலைத் திறந்து எட்டிப் பாருங்க. அந்தப் பக்கம் யார் இருக்காங்கன்னு.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, எலக்ட்ரீஷியனும் இல்லை. வீட்டுல வீசிங், இளைப்பு உள்ளவங்க இருந்தா முதல்ல அவங்க டாக்டரைக் கேளுங்க. வயரிங்குக்கு ஆள் வைங்க. ஊதுபத்தி மட்டும் நீங்களே பிடிக்கலாம் :-)